மண்ணெண்ணெய் ஜெனரேற்றரிலை டெக் படம் போடுறது: தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

சனசமூக நிலையத்தான்:
எங்கட நிலையத்திலை ஒரு கண்காட்சி. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலை சண்டையாலை கறன்ற் இல்லாத காலத்திலை வளவுக்குள்ளை ரீவியும் டெக்கும் (வீடியோ கசெற் போடுற பெட்டி) கொண்டுவந்து விடியவிடியப் படம் போட்டவை எல்லோ, அதை ஒரு இரவு அப்பிடியே செய்து காட்டப் போறம். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எஞ்சின் சத்தமும் புகையும் சேர்ந்ததுதான் படம் எண்டு தெரியவேணும்.

கையிலை இருக்கிறது: 650 வொட் சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர், 21 இஞ்சிப் பழைய குண்டு ரீவி, லண்டனிலையிருந்து வந்த ஒரு டெக், பரணிலை கிடந்த 14 படக் கொப்பி (வீடியோ கசெற்). அந்தக் காலம் பெற்றோல் கிடையாமல் ஓட்டின மாதிரி மண்ணெண்ணெயிலை ஓட்டினா எஞ்சின் பழுதாகுமோ? டெக்கைக் கொழுவிப் பாத்தம், படம் வருது, சத்தம் இல்லை, இரைச்சல்தான். கொப்பியளிலை வெள்ளையாப் பூஞ்சணமும் பிடிச்சிருக்கு.

இறைப்பு மிசின்:
ஓடும். தோட்டத்து மண்ணெண்ணெய் மிசின் எப்பிடி ஓடுதோ அதே கதைதான். மண்ணெண்ணெய் குளிரிலை ஆவியாகாது, அதாலை குளிர் எஞ்சினை அதிலை ஸ்ராட் பண்ண ஏலாது. பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, அஞ்சு நிமிசம் ஓடவிட்டு, சிலிண்டர் ஹெட் நல்லாச் சுட்ட பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தவேணும். இறைப்பு மிசினிலை இதுக்கெண்டே சின்னப் பெற்றோல் ராங்க் ஒண்டும் பெரிய மண்ணெண்ணெய் ராங்க் ஒண்டும் இருக்கும், நடுவிலை ரெண்டு பக்கமும் திருப்புற கொக். உங்கட ஜெனரேற்றரிலை ஒரு ராங்க்தான் இருக்கும். அதுக்குள்ளை மண்ணெண்ணெயை விட்டு, வெளியிலை கால் லீற்றர்ப் போத்தலிலை பெற்றோல் தொங்கவிட்டு, ரெண்டு ரியூப்பையும் அந்தக் கொக்கிலை கொழுவுங்கோ. போத்தல் காபரேற்றரைவிட (எண்ணெயையும் காத்தையும் கலக்கிற பகுதி) ஒரு அடி உயரத்திலை இருந்தாக் காணும். புகைக்குழாய்ப் பக்கம் மட்டும் தொங்கவிடாதேங்கோ.

பெற்றோல் கிடையாத நேரம் சூப்பிப் போத்தலிலை கொஞ்சம் பெற்றோல் வைச்சிருந்து காபரேற்றர் வாய்க்குள்ளை ரெண்டு சொட்டு விட்டு இழுத்தவை. கண்காட்சிக்கு அதைத் தூக்கிக் காட்டுங்கோ, ஓடுற எஞ்சினுக்குக் கிட்ட செய்து காட்ட வேண்டாம்.

நிப்பாட்டுறதுதான் கனபேர் விடுற பிழை. மண்ணெண்ணெயிலையே நிப்பாட்டினா காபரேற்றர்க் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் நிக்கும், அடுத்த முறை கை கழண்டாலும் ஸ்ராட் ஆகாது. ஒவ்வொரு படமும் முடிய அஞ்சு நிமிசத்துக்கு முன்னம் பெற்றோலுக்குத் திருப்புங்கோ.

அடுத்தது என்ஜின் ஒயில். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்துக்குள்ளாலை இறங்கி ஒயிலோடை கலக்கும். ஒயில் குறையவேண்டிய இடத்திலை கூடும். ஒயில் அளக்கிற கம்பியை உருவி மணந்து பாத்தா விளங்கும். ஒரு இரவு ஓடி முடிய மாத்திவிடுங்கோ. ஸ்பார்க் பிளக்கும் கரி பிடிக்கும், ஒண்டை உபரியா வைச்சிருங்கோ.

மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (தட்டாமல் எரியிற தன்மை) குறைவு, பாரம் கூடினா எஞ்சின் டக்கு டக்கெண்டு தட்டும். அதுக்குத்தான் அந்தக் காலம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழை ரெண்டு காஸ்கெற் (இடையிலை வைக்கிற அடைப்புத் தகடு) போட்டுக் கொம்பிறெசனை, அதாவது உள்ளை அமுக்கிற அளவைக் குறைச்சவை.

பழைய டெக்:
சத்தம் வராததுக்குக் காரணம் லண்டன்தான். அங்கத்தை டெக் அன்ரெனா வயராலை அனுப்பேக்கை சத்தத்தை 6 மெகாஹேர்ட்ஸ் தள்ளி வைக்கும், இஞ்சத்தை, இலங்கை ரீவி 5.5இலை தேடும். ரெண்டும் பால் (PAL) எண்ட ஒரே கலர் ரீவி முறை எண்டபடியாப் படம் மட்டும் வரும். ரீவிக்குப் பின்னாலை மஞ்சள் (படம்), வெள்ளை (சத்தம்) ஓட்டை இருந்தா ஏவி வயராலை கொழுவுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது. இல்லாட்டி மஞ்சள், வெள்ளையிலையிருந்து இஞ்சத்தை முறைக்கு மாத்தி அன்ரெனா வயராலை அனுப்புற சின்ன ஆர்எஃப் (RF) பெட்டி ஒண்டு வேணும். 14 கொப்பியிலை கனடாவிலையிருந்து வந்தது ஏதும் இருந்தா அது என்ரிஎஸ்சி (NTSC) எண்ட வேறை முறை. பால் மட்டும் தெரிஞ்ச டெக்கிலை அது வடிவா வராது.

பூஞ்சணக் கொப்பியை நல்ல டெக்குக்குள்ளை தள்ளிப் பாக்கவே வேண்டாம். கொப்பியை வாசிக்க நிமிசத்துக்கு 1500 தரம் சுத்துற டெக்கின்ரை ஹெட்டிலை அந்த வெள்ளைத் தூள் ஏறினா படம் முழுக்கப் பனி கொட்டும், பிறகு போடுற நல்ல கொப்பியும் அதாலை பழுதாகும். மாரிக்குப் பிறகு பெட்டிக்குள்ளை மூடிக் கிடந்தா இந்தப் பக்கத்துக் காத்தில் பிடிக்காமல் விடாது. முதல் ரெண்டு நாள் நிழலிலை, ஈரம் உறிஞ்சிற சிலிக்கா பையளோடை ஒரு டப்பாவுக்குள்ளை காயவிடுங்கோ. ஈரமான பூஞ்சணம் துடைக்க அப்பிப் பிடிக்கும், காய்ஞ்சது உதிரும். கசெற்றைக் கவிட்டு அஞ்சு ஸ்க்ரூவையும் கழட்டி, திருப்பி நிமித்திப் பிடிச்சு மேல்மூடியைத் தூக்குங்கோ. கவிட்டபடி திறந்தா உள்ளை இருக்கிற சின்னச் சுருள்கம்பி பறந்திடும். ரேப் சுருளின்ரை ஓரத்தை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சில்லாத துணியாலை துடையுங்கோ. பிறகு எறியப்போற பழைய டெக் ஒண்டிலை தலையிலையிருந்து வால் வரைக்கும் ஒருக்கா ஓட்டிச் சுத்திப்போட்டு நல்ல டெக்கிலை போடுங்கோ. இதைச் செய்யேக்கை மூக்கை மூடுங்கோ.

ஹெட் துடைக்கக் காது குடையிற பஞ்சுக்குச்சி பாவியாதேங்கோ, நார் மாட்டினா ஹெட் முனை உடையும். ஆட்டுத்தோல் துண்டை அசையாமல் பிடிச்சுக்கொண்டு, ஹெட் இருக்கிற உருளையைக் கையாலை சுத்துங்கோ. மேலும் கீழும் தேய்ச்சாப் போச்சு.

ரேப் அறுந்திருந்தா சாதாரண செலோரேப் ஒட்டாதேங்கோ, பசை இளகி ஹெட்டிலை ஏறும். ஒட்டுறதுக்கெண்டு உள்ள ரேப்பை, ஹெட் படாத பின்பக்கத்திலை ஒட்டவேணும்.

கரண்டி:
மேலை சொன்ன ரெண்டு காஸ்கெற் கதையை ஒரு இரவுக்காண்டிச் செய்யாதேங்கோ. 21 இஞ்சி ரீவி 100 வொட்டுக்குள்ளை, டெக் 25, ரெண்டு பல்ப் போட்டாலும் 200ஐத் தாண்டாது. 650க்கு அது மூண்டிலை ஒரு பங்குக்கும் குறைஞ்ச பாரம்தான், தட்டாது. சிலிண்டர் ஹெட்டைக் கழட்டினா திருப்பி இறுக்கத் தெரிஞ்ச ஆளும் வேணும்.

சத்தத்துக்காகக் கிடங்கு வெட்டி இறக்க நினைச்சா அதுவும் வேண்டாம். காத்தாலை குளிர்ற எஞ்சின் கிடங்குக்குள்ளை தன்ரை சூட்டையே திரும்பக் குடிக்கும். 25 யார் தள்ளி, கிணத்தடிப் பக்கம், காத்து சனத்துக்கு எதிர்ப்பக்கம் போற மாதிரி வையுங்கோ. அறைக்குள்ளையோ விறாந்தையிலையோ வைச்சா புகையிலை ஆள் செத்துப்போகும், பகிடி இல்லை. அந்தத் தூரத்துக்கு 40/0076 வயர் (நாப்பது மெல்லிய செப்புக் கம்பி சேர்ந்தது) தாராளம்.

சனசமூக நிலையத்தான்:
நல்ல விளக்கம், நன்றி. அறுபது பேர் வருவினம். ஒரு ரீவிக்கு முன்னாலை எப்பிடி இருத்துறது? ஒத்திகையிலை ஒரு கறுத்தப் பட்டை படத்துக்குக் குறுக்கை மெல்ல மேலை ஏறிக்கொண்டே இருந்தது. கொப்பி பிழையோ?

பழைய டெக்:
கொப்பி பிழையில்லை. ரீவி செக்கனுக்கு 50 தரம் படம் கீறும், ஜெனரேற்றரின்ரை கறன்ற் செக்கனுக்கு 51, 52 தரம் ஆடும். அந்த வித்தியாசம்தான் பட்டையா ஊருறது. எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு நிமிசத்துக்கு 3000 சுத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தா பட்டை அப்பிடியே நிண்டிடும். வோல்ற்மீற்றரைப் பாத்துக்கொண்டு திருகுங்கோ, 220க்குக் கீழை போக விடாதேங்கோ. வெள்ளைப் புள்ளியளாத் தெறிச்சா அது பிளக், உள்ளுக்கு ரெசிஸ்ரர் வைச்ச பிளக் மாத்துங்கோ.

இருத்துறதுக்கு: ரெண்டு மேசையை ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்சுக் கட்டி, கடைசியிலை இருக்கிற ஆளுக்கும் தெரியிற உயரத்திலை ரீவி வரட்டும். முன்னுக்கு பாயிலை சின்னனுகள், பிறகு வாங்கு, கதிரை கடைசியிலை. பக்கவாட்டிலை கனக்க விரிச்சு இருத்தாமல் நீளமா இருத்துங்கோ. ஸ்பீக்கர் பெட்டியை ரீவியோடை முட்டவைச்சா காந்தத்தாலை மூலையிலை பச்சை, ஊதா திட்டு விழும், மூண்டடி தள்ளுங்கோ.

இறைப்பு மிசின்:
ஒண்டு விட்டுப்போச்சு. ராங்க் காயவிட்டு எஞ்சின் நிக்க விடாதேங்கோ. முடியேக்கை ஏறி இறங்கி ஓடும், வோல்ற்றும் அதோடை ஆடும். படம் ஓடிக்கொண்டிருக்கேக்கை நிண்டா ரேப் உருளையைச் சுத்தினபடி கிடக்கும். கொப்பியை இழுத்து எடுக்காமல், கறன்ற் திருப்பிக் குடுங்கோ, டெக்கே சுருட்டி வெளியிலை தரும். மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் எண்டு கணக்குப் போட்டு, ஒவ்வொரு படம் முடியவும் ரீவி, டெக்கை நிப்பாட்டி, எஞ்சினையும் நிப்பாட்டி, ஆறவிட்டு நிரப்புங்கோ. அந்த இடைவேளையிலை கச்சான் விக்கலாம்.