கொல்லைத் தீ: பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் கவனத்துக்கு

சங்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன சித்திரையில் பெரியப்பா கொல்லை எரிந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ரெண்டு காணி முந்திரி. 2011 டிசம்பரில் தானே புயல் பழைய மரங்களைச் சாய்த்த பிறகு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அவர் வளர்த்த வி.ஆர்.ஐ-3 ரக முந்திரி ஒட்டுக்கன்றுகள். டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. ஜனங்கள் தழைக்கொத்தோடு ஓடினார்கள், ஆளுக்கு ஒரு பக்கமாக.

நான் இருக்கும் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மேய்ச்சல் நிலம் அதிகம். சீட்கிராஸ் என்று வெளியிலிருந்து வந்த புல் ஒன்று, கோடை தொடங்கும்போதே காய்ந்துவிடும். 2015 ஆகஸ்டில் 'சோடா' தீ இங்கேயும் பக்கத்து மாநிலமான ஓரிகானிலுமாகச் சுமார் 2,79,000 ஏக்கரை எரித்தது. முன்பெல்லாம் மாட்டுப்பண்ணைக்காரர்கள் அணைக்கப் போனால், பயிற்சி இல்லையென்று திருப்பி அனுப்புவார்களாம். அதுவும் நியாயம்தான், காற்று திரும்பினால் உயிர் போகும். அதனால் 2012இல் மவுண்டன் ஹோம் பக்கத்து நிலக்காரர்கள் ஒரு தீத்தடுப்புச் சங்கம் வைத்தார்கள். ஐடஹோவில் அதுதான் முதல். ஓரிகானில் 1960களிலேயே உண்டு. சம்பளம் கிடையாது. பயிற்சி எடுத்து, தீ தாங்கும் சட்டை போட்டு, அரசு வீரர்களோடு ரேடியோவில் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். பெரிய வண்டி வருவதற்குள் பக்கத்து நிலக்காரர் தண்ணீர் டேங்கோடு நிற்கிறார். வேலி எங்கே, வண்டி போகும் வழி எது என்று அவருக்குத்தானே தெரியும்?

நம்மிடம் டிராக்டர் இருக்கிறது, போர்வெல் இருக்கிறது, மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரும் இருக்கிறது. யார் எதை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்ற ஏற்பாடுதான் இல்லை. முந்திரிச் சருகு லேசில் மக்காது. கொட்டை பொறுக்கக் கூட்டிக் குவித்து, சிலர் அங்கேயே கொளுத்தியும் விடுகிறார்கள். கொட்டை ஓட்டில் இருப்பதோ எண்ணெய். தயவுசெய்து கொளுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள், சருகை மூடாக்காகவோ எருக்குழிக்கோ போடட்டும்.

பொங்கலுக்குப் போகிற அண்ணன்மார் கொல்லைக்காரர்களைக் கூட்டி உட்கார வையுங்கள். பத்துப் பேர் முன்வந்தால் போதும். தீயணைப்பு நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒத்திகை கேட்கலாம். மாசிக்குள் கொல்லைக்குக் கொல்லை நடுவே பத்தடி அகலம் சருகு நீக்கி உழுதுவிட வேண்டும். டிரெய்லரில் ஏற்றுகிற தண்ணீர் டேங்க் ஒன்றுக்குப் பாதிப் பணம் நான் தருகிறேன். மீதியை நம் சங்கக் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்று பொருளாளர் மாமா சொல்லுங்கள்.

மேலத்தெரு தம்பி,
பாய்சி