4எஸ் முதலா, 3டி முதலா? போன ஒரு புள்ளி

வெள்ளவத்தைப்_பெடியன்:
இங்க ஒரு டியூசன் வகுப்பில் போன கிழமை மாதிரி வினாத்தாள். "எல்லா மூலகங்களிலும் 4எஸ் ஒபிற்றலின் சக்தி 3டியை விடக் குறைவு", சரியா பிழையா? (ஒபிற்றல் எண்டால் அணுவில் இலத்திரன் இருக்கிற இடம்; 4எஸ், 3டி அப்படி இரண்டு.) பிழை எண்டு போட்டேன், புள்ளி இல்லை. இரும்பு 2+ அயனாகும்போது 4எஸ் இலத்திரன்கள்தானே முதலில் கழருது? சக்தி குறைஞ்ச இடத்தில் இருக்கிறவன் ஏன் முதலில் எழும்பிப் போறான்?

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
தம்பி, என்+எல் போட்டுப் பாரும். என் எண்டால் ஓட்டின் எண், எல் எண்டால் ஒபிற்றல் வகையின் எண்: எஸ்ஸுக்கு 0, டிக்கு 2. 4எஸ் எண்டால் 4+0=4. 3டி எண்டால் 3+2=5. குறைஞ்சது முதலில் நிரம்பும். பொற்றாசியம், கல்சியம் இரண்டிலும் அப்படித்தான். கழரும்போது முதன்மைச் சக்திச் சொட்டெண், அதாவது என், கூடின ஓடு முதலில் போகும். இரண்டையும் குழப்பக்கூடாது.

பழைய_கெமிஸ்ட்ரி:
மாஸ்டர், நிரம்ப ஒரு சட்டம், கழர இன்னொரு சட்டமா? பெடியன் கேட்டதே அதைத்தான். ஸ்கண்டியத்தை எடுங்கோ. 3+ அயனுக்கு இலத்திரன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் குடுத்தால், முதலாவது போய்ச் சேருவது 3டியில். 2+ அயன் ஆகன் அகணியும் (ஆகனில் உள்ள அதே 18 இலத்திரன்கள்) 3டி1உம் (3டியில் ஒன்று). அடுத்த இரண்டும்தான் 4எஸ்ஸுக்குப் போகும். நிறமாலை காட்டுவது இது. ஸ்கண்டியத்திலிருந்து 3டிதான் கீழே.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
கீழே இருந்தால் மூன்றும் 3டிக்கே போக வேண்டியதுதானே?

பழைய_கெமிஸ்ட்ரி:
3டி கருவுக்குக் கிட்ட, இடம் சின்னது. புறக்கோட்டையில் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை மாதிரி. ஒருத்தருக்கு வசதி. மூன்று பேர் நெருக்கினால் சண்டை, தள்ளுகை கூடும். அதனால் இரண்டு பேர் தெஹிவளையில் விசாலமான வீட்டுக்குப் போகினம். ஆளாளுக்குத் தூரம் கூட, ஆனால் மூன்று பேரின் மொத்தச் சக்தி குறைவு. அயனாகும்போது தூரத்தில் இருக்கிறவர்தான் முதலில் கழருவார். ஒரே சட்டம்தான்.

பம்பலப்பிட்டி_அக்கா:
வாடகை குடுக்கிற இலத்திரனை இப்பதான் கேள்விப்படுறன் 😄 ஆனால் அந்தக் கூற்றை உடைக்க ஸ்கண்டியம்கூடத் தேவையில்லை. ஐதரசனில் ஒரே இலத்திரன், சக்தி மட்டத்தை என் மட்டும் தீர்மானிக்கும். அங்க 3டி 4எஸ்ஸை விடக் கீழே. "எல்லா மூலகங்களிலும்" என்ற சொல்லே பிழை.

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
ஐதரசனை ஒத்துக்கொள்கிறேன். கேள்வியில் அந்தச் சொல் வந்தது கேள்வி போட்டவரின் கவனக்குறைவு. ஆனால் ஏ.எல். (உயர்தர) பிள்ளைக்குத் தள்ளுகைக் கணக்குச் சொல்லி என்ன செய்ய? சோதனை மண்டபத்தில் நிரப்ப என்+எல் போதும்.

பழைய_கெமிஸ்ட்ரி:
நிரப்பப் போதும், விதியாகப் பாவியுங்கோ. காரணமாகச் சொல்லாதேங்கோ. குரோமியம் 3டி5 4எஸ்1 எண்டதும் "அரை நிரம்பலின் உறுதி" என்கிறோம், டியின் பத்து இடத்தில் ஐந்து நிரம்பினதால். ஆவர்த்தன அட்டவணையில் அதே கூட்டத்தில் கீழே இருக்கிற டங்ஸ்டன் 5டி4 6எஸ்2. அங்க அந்த உறுதி எங்க போச்சு?

கொட்டாஞ்சேனை_மாஸ்டர்:
டங்ஸ்டனை யாரும் கேட்கப் போறதில்லை.

வெள்ளவத்தைப்_பெடியன்:
நான் நாளைக்குக் கேட்கலாமா சேர்? புள்ளியைத் திருப்பித் தரச்சொல்லவும் வேணும்.

பம்பலப்பிட்டி_அக்கா:
முதலில் ஐதரசனைச் சொல்லு தம்பி. டங்ஸ்டன் புள்ளி கிடைச்ச பிறகு.