ஆம்புஷ்: "மோதல்" வேணாம், "பதியடி" எப்படி இருக்கு?

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம கலைச்சொல் பட்டியல்ல ஆம்புஷ்க்கு, அதாவது ஒளிஞ்சு காத்திருந்து திடீர்னு தாக்குறதுக்கு, பேசாம "மோதல்"னே போட்டுடலாம், பேப்பர்லயும் அப்படித்தானே வருதுன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தாங்க. எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. மோதல்னா ரெண்டு பக்கமும் சுட்டிருக்கணும். அமெரிக்காவுல கொள்ளையடிச்சுத் திரிஞ்ச போனி பார்க்கர், கிளைட் பாரோ ஜோடி கதைய எடுத்துக்குங்க. 1934 மே 23 காலைல, லூசியானால கிப்ஸ்லாண்ட் பக்கத்துல ஒரு கிராமத்து ரோடு, புதருக்குள்ள ஆறு போலீஸ்காரங்க, அவங்க போர்டு கார் வந்ததும் சுமார் 130 ரவுண்டு சுட்டாங்க. கார்ல இருந்த ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு கூட திருப்பிச் சுடல. அவங்க கேங்கு ஈவு இரக்கமில்லாம போலீஸ்காரங்களயே கொன்னதுதான், அதுக்காக இதை மோதல்னு எழுதினா நடக்காத ஒண்ண நடந்ததா சொல்றதாயிடும்.

"சுற்றிவளைப்பு"ம் ஒத்துவராது. அதைக் கேட்டாலே சரணடையச் சொல்லியிருப்பாங்கன்னு நமக்குத் தோணும், ஆனா அங்கதான் சண்டையே. குரல் குடுத்தோம்னு ஒரு பக்கம் சொல்றாங்க, உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே அந்த ஆறு பேர்ல ஒருத்தரான டெபுடி (ஷெரீப்புக்குக் கீழ இருக்குற அதிகாரி) ப்ரெண்டிஸ் ஓக்லி சுட்டுட்டார்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. இதுல எது நிஜம்னு நம்ம கலைச்சொல் தீர்ப்பு சொல்லக் கூடாது.

ஈழத்துப் பத்திரிகைகள்ல வர்ற "பதுங்கித் தாக்குதல்" நல்ல சொல், பொது வழக்குல அது அப்படியே இருக்கட்டும். ஆனா காத்துக் கெடக்குறதும் சுடுறதும் அதுல ஒண்ணாப் போயிடுது, இந்த கேஸ்ல ரெண்டையும் பிரிச்சுச் சொல்லியே ஆகணும், ஏன்னா காத்திருந்ததப் பத்தியே ஆளுக்கொரு கதை. அந்தக் குழுவுல இருந்த டல்லாஸ் டெபுடி டெட் ஹிண்டன் 21ஆம் தேதி ராத்திரியே போய் உக்காந்துட்டோம்னு சொல்றார், 22 சாயங்காலம்தான் போனாங்கன்னும் ஒரு கணக்கு இருக்கு. அதைவிடப் பெரிய முரண் ஐவி மெத்வின் விஷயத்துல. இவர் அந்த கேங்குல இருந்த ஹென்றியோட அப்பா, இவர் ட்ரக் ரோட்டோரமா நின்னதாலதான் கிளைட் கார ஸ்லோ பண்ணினான். மகனுக்கு மன்னிப்பு வாங்குறதுக்காக அந்த ஊர் போலீஸ் தலைவரான ஷெரீப் ஹெண்டர்சன் ஜோர்டன்கிட்ட முன்னாடியே பேசி முடிச்சுட்டார்ங்கறது ஒரு கதை. ஹிண்டன் செத்ததுக்கப்புறம் 1979ல வந்த அவர் புத்தகம் இதுக்கு நேர்மாறு, ஐவிய நாங்கதான் மறிச்சு மரத்துல விலங்கு போட்டுக் கட்டினோம், அவர் வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் மன்னிப்புப் பேச்சே பின்னாடி வந்துச்சுங்குது. ஹென்றிக்கு டெக்சஸ் மன்னிப்பு குடுத்தது மட்டும் உறுதி, ஓக்லஹோமா விடல, வேற கொலைக்கு தண்டிச்சிடுச்சு.

சரி, சொல்லுக்கு வர்றேன். ஒளிஞ்சு காத்திருக்குறதுக்கு "பதிவிருத்தல்"னு ஒரு பழைய சொல் நம்மகிட்டயே இருக்கு. ஆனா இன்னிக்கு "பதிவு"ன்னு பாத்தா ரெஜிஸ்டர் ஆபீஸும் வலைப்பதிவும்தான் ஞாபகம் வருது, அதனால வேர மட்டும் எடுத்துக்கிட்டு காத்திருக்குறதுக்கு "பதியிருப்பு", அடிக்கிறதுக்கு "பதியடி"ன்னு வெச்சா என்ன? கரந்தடி (மறைஞ்சு தாக்குற கெரில்லா முறை) மாதிரியேதான் அமைப்பு. சின்னதா இருக்கு, பதியடிக் குழு, பதியடி இடம்னு ஒட்டவும் வருது. முன்னறிவிப்பு குடுத்தாங்களா இல்லையான்னு இந்தச் சொல் எதுவும் சொல்லாது, எனக்கு அதுதான் முக்கியம்.

ஒரு எல்லையும் குறிச்சிடணும். அதே வருஷம் அக்டோபர்ல ஒஹையோல ப்ரெட்டி பாய் ஃப்ளாய்டுங்கற கொள்ளைக்காரன வயல்ல ஓடவிட்டுச் சுட்டது பதியடி ஆகாது. யார் உத்தரவுல எப்படிச் சுட்டாங்கன்னு அங்கயும் தகராறு இருக்கு, ஆனா அது துரத்தல்.

அப்புறம், போஸிங்கற (குற்றவாளியப் பிடிக்க ஷெரீப் சேக்குற குழு) சொல்லுக்கு "ஹேமர் படை"ன்னு ஒரு உதாரணம் போட்டிருந்தீங்க, தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க. அந்த ஆறு பேர்ல ஃபிராங்க் ஹேமருக்குத்தான் பேர் போச்சு, ஒத்துக்கறேன், ஆனா அவரும் கூட இருந்த மேனி கால்ட்டும் டெக்சஸ்காரங்க, லூசியானால அவங்களுக்கு அதிகாரம் கெடையாது, அந்த ஊர் ஷெரீப் ஜோர்டன்தான். போனி, கிளைட் ரெண்டு பேர் முகத்தையும் நேர்ல தெரிஞ்சவங்க ஹிண்டனும் பாப் ஆல்கார்னும். "ஆறு பேர் குழு"ன்னு போட்டாலே போதும்.

பட்டியல்ல இந்த உதாரணத்த சேக்கலாமான்னு பாருங்க: "பதியிருப்பு எப்போ தொடங்குச்சுங்கறதுல ஹிண்டன் சொல்றது ஒண்ணு, மத்தவங்க சொல்றது வேற, பதியடில முதல்ல சுட்டது ஓக்லின்னு சொல்றாங்க."