குழந்தைப் புற்றுநோய்: பெற்றோர் முடிவெடுக்க உதவும் தமிழ் இணையப் பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பியின் பத்து வயது மகனுக்கு முழங்காலருகே ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய். கட்டியுள்ள எலும்பை நீக்கி உலோக மூட்டுப் பொருத்துவதா, காலையே அகற்றுவதா, கணுக்காலைத் திருப்பி முழங்காலாகப் பொருத்துவதா என்று மருத்துவர் கேட்டபோது, தம்பி அவர் கொடுத்த மலாய்த் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நீங்களே பார்த்துச் செய்யுங்கள், டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தான். இத்தகைய குடும்பங்களுக்காக ஓர் இணையப் பக்கம் உருவாக்க எண்ணுகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1: ஓய்வு பெற்ற தாதி, ஈப்போ

எது தேர்வு, எது தேர்வன்று என்பதிலிருந்து தொடங்குங்கள், அம்மா. கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை வேண்டுமா என்பது இங்குக் கேள்வியே அன்று. அறுவை மட்டும் செய்த காலத்தில் நூற்றில் ஏறக்குறைய 20 பேரே பிழைத்தனர், கீமோ சேர்ந்தபின் நோய் பரவாதவர்களில் 60 முதல் 70 பேர் பிழைக்கின்றனர். கட்டி முழுவதுமாக நீங்கிவிட்டால், காலைக் காப்பாற்றினாலும் அகற்றினாலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வேறுபாடில்லை. ஆகவே பையன் எப்படி நடப்பான், வளரும்போது உலோக மூட்டுக்காக எத்தனை முறை மீண்டும் அறுவைக்குப் போவான் என்பவையே குடும்பம் எடைபோட வேண்டியவை. அறுவைக்கு முன் பொதுவாகப் பத்து வாரம் கீமோ நடக்கும். உங்கள் இணையப் பக்கம் முதல் வாரத்திலேயே பெற்றோர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் கொடுத்துப் பயனில்லை.

பதில் 2: ஒரு தாய், கோலசிலாங்கூர்

என் மகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தபோது சதவீதம் எனக்குப் புரியவில்லை. தாதி ஒருவர் நூறு வட்டம் வரைந்து நிறம் தீட்டிக் காட்டியபோதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் மாமியார் சொல்வதே முடிவு, அவருக்கோ படிக்கத் தெரியாது. ஆகவே தமிழ் ஒலிப்பதிவு கட்டாயம் வேண்டும்.

பதில் 3: மென்பொருள் பணியாளர், கிள்ளான்

நோயாளிகளும் குடும்பத்தாரும் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க உதவும் இத்தகைய பக்கங்களை 'முடிவுதவிக் கருவிகள்' என்பார்கள். அவற்றுக்கான அனைத்துலகத் தர அளவுகோல்கள் 2006இல் வெளிவந்தன. நன்மையையும் தீங்கையும் ஒரே அளவு விரிவோடு காட்டுவது, எல்லா எண்ணிக்கையையும் நூறுக்கு இத்தனை என ஒரே அடிப்படையில் தருவது, கடைசியாகத் திருத்திய தேதியைக் குறிப்பது ஆகியவற்றை அப்படியே பின்பற்றுங்கள். தோட்டத்தில் இணையத் தொடர்பு மெதுவாக இருக்கும் என்பதால் படங்களைச் சிறிதாக வையுங்கள். சிறுவனின் விருப்பத்துக்கும் தனி இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. தம்பியிடமிருந்து அந்தத் தாளை வாங்கிவிட்டேன். கீமோ மூன்றாம் வாரத்தில்தான் இருக்கிறது, நேரமிருக்கிறது. நேற்று மருமகனிடமே கேட்டேன். திருப்பிப் பொருத்தினால் பாதம் எந்தப் பக்கம் பார்க்கும், அத்தை, என்றான். பின்பக்கம் என்றேன். செயற்கைக் கால் அதன்மேல் எப்படி ஏறும் என்று வரைந்து காட்டச் சொன்னான். அந்தப் படத்தையே முதலில் வரையப்போகிறோம்.