ஹெமட்டோபேதாலஜி ஃபெலோஷிப் முடிச்சிட்டு காரைக்குடி பக்கம் திரும்புனவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

பள்ளத்தூர் பையன்:
எம்டி பேதாலஜி (ரத்தம், திசுவ சோதிச்சு நோயக் கண்டுபிடிக்கிற படிப்பு) கடைசி வருஷம் ஓடுது. ரத்த நோய் பக்கம்தான், அதான் ஹெமட்டோபேதாலஜி, மனசு போகுது, டிஎம் (எம்டிக்கு மேல உள்ள பட்டம்) எழுதலாமா இல்ல ஃபெலோஷிப் (ஆஸ்பத்திரில சேந்து எடுக்குற பயிற்சி) போலாமான்னு ஒரே குழப்பம். அப்பத்தா "இன்னும் என்னடா படிப்பு, எப்பத்தான் நோயாளியப் பாப்ப"ன்னு கேக்குறாக. அப்பா வேற மாதிரி, "அங்க போயி அம்புட்டு மெஷின்லயும் கத்துக்கிட்டு வந்து நம்ம ஊருல ஒத்த மைக்ரோஸ்கோப்ப வச்சு என்ன பண்ணுவ"ங்கிறாரு, அதுக்கு எனக்குப் பதில் தெரியல. போயிட்டு வந்தவங்க நடந்தத நடந்தபடி சொல்லுங்க, அட்வைஸ் கம்மியா இருந்தாலும் பரவால்ல.

செக்காலை ரோடு:
தம்பி, உங்கப்பா கேட்டது நியாயமான கேள்விதான். நான் ஃபெலோஷிப் பண்ணது ஊரவிட்டு ரொம்ப தூரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காலைல போன உடனே போன் மேரோ, அதான் எலும்பு மஜ்ஜை டெஸ்ட். பேதாலஜிஸ்ட்னா ரூமுக்குள்ளயே உக்காந்திருப்பாங்கன்னு நெனச்சுப் போனவளுக்கு இடுப்பெலும்புல ஜம்ஷிடி ஊசிய நானே ஏத்தணும்னதும் கை சில்லுனு ஆயிருச்சு. மொதல்ல மஜ்ஜைய உறிஞ்சணும் (ஆஸ்பிரேட்), ஸ்லைடுல தேய்ச்சு மஜ்ஜைத் துணுக்கு (பார்ட்டிகிள்) வந்திருக்கான்னு அங்கயே சாய்ச்சுப் பாக்கணும், அப்புறம் எலும்புத் துண்டு எடுக்குற பயாப்சி. உறிஞ்சி ஒண்ணுமே வரலைன்னா பயாப்சித் துண்ட ஸ்லைடுல ஒத்தி எடுத்து இம்ப்ரிண்ட் போடணும், சில நாள் அந்த இம்ப்ரிண்ட் மட்டுந்தான் நமக்கு மிஞ்சும்.

ஒரு நாளு ஒரு ஆச்சி, ஒருக்களிச்சுப் படுத்திருக்காக, நான் மரத்துப்போற ஊசி போடுறப்ப தமிழ்ல "கொஞ்சம் வலிக்கும் ஆச்சி"ன்னேன் அவ்வளவுதான், "ஏத்தா நீ எந்த ஊரு"ன்னு ஆரம்பிச்சுட்டாக. காரைக்குடின்னேன். எந்தத் தெரு, யார் வீட்டுப் புள்ள, கல்யாணம் ஆச்சா, மாப்பிள்ள என்ன பண்றாரு, எலும்ப நான் குடைஞ்சு முடிக்கிற வரைக்கும் கேள்வி நிக்கல. எந்திரிக்கும்போது "எப்ப பண்ணப்போற"ன்னு வேற கேட்டாக, ஊசிய. பத்தாததுக்கு சிஸ்டருக்கு மொழி புரியாம ஆச்சிக்கு வலி தாங்கலன்னு நெனச்சு ஓடி வந்துட்டாங்க.

மத்தியானத்துக்கு மேல ஸ்லைடு. 500 செல் எண்ணணும், சுருக்கம் கெடையாது. பிளாஸ்ட் (முதிராத செல்) 20 சதவீதத்துக்கு மேலயா கீழயாங்கிறதுலதான் ஒருத்தருக்கு என்ன வைத்தியம்னே மாறும், அதனால 18, 19ன்னு வந்தா சார் பக்கத்துல உக்கார வச்சு பல பேர் ஒண்ணா பாக்குற பல தலை மைக்ரோஸ்கோப்ல திரும்ப எண்ணச் சொல்லுவாரு. இப்ப அதுலயும் ஒரு சிக்கல், ரத்தப் புத்துநோய்க்கு 2022ல டபிள்யூஎச்ஓ ஒரு வகைப்பாடு, ஐசிசின்னு வேற நிபுணர்க குழுவோட இன்னொரு வகைப்பாடு, ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. என்பிஎம்1 ஜீன்ல மியூட்டேஷன் இருந்தா ஒருத்தர் பிளாஸ்ட் எண்ணிக்கையே பாக்காம ஏஎம்எல்ங்கிற ரத்தப் புத்துநோய்னு சொல்றாங்க, இன்னொருத்தர் 10 சதவீதமாவது வேணும்ங்கிறாங்க. ரிப்போர்ட்ல ரெண்டையும் எழுதணும். எனக்கு இது பிடிக்கல, ஆனா யாரு கேக்குறா.

தேவகோட்டை ரஸ்தா:
உங்க அப்பாவுக்கு நான் பதில் சொல்றேன். ஒரு நாள் சாயங்காலம் லேப் மூடுற நேரம், முப்பது வயசு இருக்கும் அந்தப் பொண்ணுக்கு, ஈறுல ரத்தம் நிக்கலன்னு பல் டாக்டர்ட்ட போயிருக்கு, அவரு புத்திசாலி, பல்லத் தொடாம சிபிசி (ரத்த அணு எண்ணுற டெஸ்ட்) எடுத்துட்டு வான்னு அனுப்பிட்டாரு. மெஷின்ல வெள்ளணு 1,800, பிளேட்லெட் 14,000, ரெண்டும் ரொம்பக் கம்மி. டெங்கு சீசன் வேற, டெக்னீஷியன் பையன் டெங்குன்னு நெனச்சு ரிப்போர்ட் பிரிண்ட் போடப் போனான். ரத்தத்த ஸ்லைடுல தேய்ச்சு ஸ்மியர் போடுறான்னேன். லீஷ்மன் ஸ்டெயின்ங்கிற சாதாரண சாயம், வேற ஒண்ணுமில்ல. தேடித்தான் பாக்க வேண்டியிருந்துச்சு, வெள்ளணுவே கம்மி, ஸ்லைடோட ஓரத்துல ஒரு செல், உள்ள ஆயர் ராட்ங்கிற குச்சிக விறகுக்கட்டு மாதிரி கட்டுக்கட்டா கெடக்கு. ஏபிஎல், ஒரு வகை ரத்தப் புத்துநோய்.

இந்த நோயில ரத்தம் உறையிற சமாச்சாரமே கொலாப்ஸ் ஆயிரும், மூளைல கசிஞ்சு மொத சில நாள்லயே போயிருவாங்க, அதத் தாண்டிட்டா ஏடிஆர்ஏ மாத்திர, ஆர்செனிக் குடுத்து பெரும்பாலானவங்கள முழுசாவே குணமாக்கலாம். அதனாலதான் ஃபெலோஷிப்ல எங்க மண்டைல அடிச்சு ஏத்துனது, பிஎம்எல்-ராரா ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காத, சந்தேகம் வந்தாலே போனை எடு. மதுரைல ஹெமட்டாலஜிஸ்ட்ட கூப்பிட்டேன், ஸ்லைட மொபைல்ல படம் புடிச்சு அனுப்புனேன், "கெளப்பி விடுங்க, மாத்திர எடுத்து வைக்கிறேன்"னாரு. அந்தப் பொண்ணோட அண்ணன் "காலைல போலாமே சார், ராகுகாலம் கழிச்சு"ன்னு இழுத்தாரு, நான் வாழ்க்கைல அப்படிக் கத்துனதில்ல. ராத்திரியே கார்ல மதுரை. ஜீன் டெஸ்ட் கன்ஃபர்ம் ஆகி வந்தப்ப அந்தப் பொண்ணு ரெண்டு மூணு நாள் மாத்திர சாப்ட்ருச்சு. இப்ப நல்லா இருக்கு, ஃபாலோ அப் போயிட்டு வருது. ஒத்த மைக்ரோஸ்கோப்பும் ஒரு போனும்தான் அன்னைக்கு இருந்துச்சு. அந்த செல்ல அங்க ஆயிரம் தடவ பாத்த கண்ணு கூட இருந்துச்சு, அத உங்கப்பாட்ட சொல்லுங்க.

புதுவயல் லேப்காரன்:
டெங்குன்னதும் ஞாபகம் வருது, பிளேட்லெட் 18,000னு ஒருத்தர் அழுதுகிட்டே வந்தாரு, உடம்புல ஒரு சிவப்புப் புள்ளி கெடையாது. ஸ்மியர்ல பாத்தா பிளேட்லெட் எல்லாம் கும்பல் கும்பலா ஒட்டிக் கெடக்கு, ரத்தம் எடுக்குற ஈடிடிஏ டியூப்ல இருக்குற மருந்தோட வேலை. சிட்ரேட் டியூப்ல எடுத்து, அதுல உள்ள திரவத்துக்காக 1.1 ஆல பெருக்குனா ரெண்டு லட்சத்துக்கு மேல. அவ்வளவுதான் கதை. நான் ஃபெலோஷிப் எல்லாம் போகல, எம்டியே போதும் இதுக்கு.

கோட்டையூர் டாக்டரம்மா:
எனக்கு மறக்காதது வேற. மாசமா இருக்குற பொண்ணு, லேசா ரத்தசோகை, எம்சிவி (சிவப்பணுவோட அளவு) கொறைவு, ஹெச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளப் பிரிக்கிற டெஸ்ட்) அனுப்புனோம். ஏ2ங்கிற ஹீமோகுளோபின் வகையோட இடத்துல 27 சதவீதம்னு வந்துச்சு. பீட்டா தலசீமியா (பரம்பரை ரத்தசோகை) கேரியர்னா 4லருந்து 8, 9 வரைக்கும்தான் போகும். 27ன்னா ஹீமோகுளோபின் ஈங்கிற பரம்பரை மாறுபாடு, அதுவும் ஏ2வும் கிராஃப்ல ஒரே எடத்துலதான் விழும். பர்மா, தாய்லாந்து, நம்ம நாட்டுல வடகிழக்கு, அங்கதான் இது அதிகம். இங்க எப்படி?

பொண்ணத் தனியா உக்கார வச்சு "உங்க வீட்ல யாராவது பர்மாவா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அம்மாவோட அம்மாச்சி அந்த ஊருக்காரவுகதான், அங்க வியாபாரத்துக்கு, கொண்டுவிக்கப் போன தாத்தா கூட்டியாந்தவுகன்னுச்சு. நம்ம பக்கத்துல பர்மாத் தேக்குத் தூண தடவித் தடவிக் காட்டுவோம், இந்த மாதிரி ஆளுகளப் பத்தி வீட்ல வாயத் தொறக்க மாட்டோம். அடுத்து அது கேட்டதுதான், "டாக்டர், இத எங்க மாமியாட்ட சொல்லணுமா?" மாமியா வெளிய பெஞ்சுலதான் இருந்தாக. உன் ரிப்போர்ட் உன்னோடது, எனக்கு வேண்டியது உன் வீட்டுக்காரர் ரத்தம் மட்டும், அவருக்கு பீட்டா தலசீமியா இருந்தா பிள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்துற நோய் வரலாம், அதுக்குத்தான்னு சொன்னேன். அவருக்கு நார்மல். பிள்ளைக்கு வந்தாலும் கேரியராத்தான் வரும். கிராஃபப் படிக்க ஃபெலோஷிப்ல சொல்லிக் குடுத்தாங்க, அந்த மாமியா கேள்விக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.

பள்ளத்தூர் பையன்:
எல்லாருக்கும் நன்றி. ரஸ்தா அண்ணன் எழுதுனத அப்பாட்ட வாசிச்சுக் காட்டுனேன், "ம்"னாரு. அப்ப டிஎம்மா ஃபெலோஷிப்பா?

செக்காலை ரோடு:
மெடிக்கல் காலேஜ்ல வாத்தியார் வேலை வேணும்னா டிஎம் போ, சண்டிகர் பிஜிஐல ஹெமட்டோபேதாலஜி டிஎம் இருக்கு, மூணு வருஷம், ஐஎன்ஐ-எஸ்எஸ்ங்கிற நுழைவுத் தேர்வு எழுதணும். ஆஸ்பத்திரிக தானா குடுக்குற ஃபெலோஷிப்புக்கு அந்த மதிப்பு கெடையாது, ஊருல வேலை பாக்க அது போதும். ஆனா சேர்றதுக்கு முன்னாடி அங்க இப்ப படிக்கிற ஆளுகளப் புடிச்சுக் கேளு, ஹெச்ஓடிட்ட கேக்காத. மேரோவ நீங்களே பண்றீங்களா, செல் வகை பிரிக்கிற ஃப்ளோ மெஷின்ல எத்தன மாசம், ரத்த உறைவு பாக்குற கோயாகுலேஷன் லேப் உண்டா, ரிப்போர்ட் கையெழுத்து ஆகுறப்ப கன்சல்டன்ட் கூட உக்கார விடுறாங்களா இல்ல ஸ்லைடு அடுக்கத்தான் ஆள் எடுக்குறாங்களா. ஞாயித்துக்கெழம லேப்புக்கு வா, ரெண்டு தலை மைக்ரோஸ்கோப் இருக்கு, பழைய ஸ்லைடு ஒரு பெட்டி நெறைய வச்சிருக்கேன். முந்துன நாள் போன் பண்ணிட்டு வா, முகூர்த்த நாளா இருந்தா நான் ஆள் இருக்க மாட்டேன்.