மங்கா படமானபோது: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

டோக்கியோவிலிருந்து:

வேலைக்காக இங்கே வந்த புதிது, 2014 டிசம்பர். ‘கிசெய்ஜூ’ என்ற மங்காவின் (ஜப்பானியப் படக்கதையின்) முதல் படம் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் 1800 யென். சப்டைட்டில் கிடையாது, எனக்குத் தெரிந்த ஜப்பானியமோ கடையில் பை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குத்தான். ஹிதோஷி இவாகியின் மங்கா முழுவதையும் முன்பே ஆங்கிலத்தில் படித்திருந்த துணிச்சலில் போய்விட்டேன்.

தெரியாதவர்களுக்காக: மனித மூளைக்குள் புகுந்து உடலைக் கைப்பற்றும் ஒட்டுண்ணிகளில் ஒன்று, ஷினிச்சி என்ற பள்ளி மாணவனிடம் தவறிப்போய் வலது கைக்குள் நுழைந்துவிடுகிறது. அவன் கேபிளை எடுத்துக் கையை இறுக்கிக் கட்டிவிட, மேலே ஏற வழியில்லாமல் அங்கேயே குடியேறுகிறது. பிறகு அந்தக் கைக்குக் கண் முளைக்கிறது, வாய் முளைக்கிறது, அவனோடு வாதாடவும் தொடங்குகிறது.

தாளில் அந்தக் கை பிசைந்த மாவு போல எப்படி வேண்டுமானாலும் இழுபடும். திரையில் ரப்பர் பொம்மையாகிவிடுமோ என்றுதான் பயந்தேன். அதன் குரலும் அசைவும் சடாவோ அபே என்ற நடிகருடையவை. உருவம் கணினியில் செய்தது. வேலை சுத்தம்தான். ஆனால் என்னை நம்பவைத்தது ஷினிச்சியாக நடித்த ஷோதா சொமெதானியின் முகம். பேய் பார்த்தவன் போல விழிக்காமல், வாடகை தராமல் ஒட்டிக்கொண்ட உறவுக்காரரைப் பார்ப்பது போல அலுத்துப்போய்த் தன் கையைப் பார்க்கிறார். அங்கேதான் நான் கதைக்குள் விழுந்தேன்.

ஒரு விஷயத்தில் கோபம் வந்தது. மங்காவில் ஷினிச்சிக்கு அப்பா உண்டு. படத்தில் அம்மா மட்டும். திரும்பும் ரயிலில் யோசித்தபோது கோபம் தணிந்துவிட்டது. சின்ன வயதில் மகனைக் காப்பாற்றப் போய்க் கொதிக்கும் எண்ணெய் பட்ட தழும்பு அம்மாவின் கையில் இருக்கிறது. கதையின் உயிர்நாடி அது. (ஏன் என்று இங்கே சொன்னால் படிக்காதவர்கள் என்னை அடிக்க வருவார்கள்.) வீட்டில் அவள் ஒருத்திதான் என்றால் அந்தத் தழும்பு இன்னும் அதிகமாக வலிக்கிறது. இயக்குநர் தகாஷி யமசாகி கழித்தது அப்பாவை, கூட்டியது இதை.

படம் முடிந்ததும் நம்மூர்ப் பழக்கத்தில் சட்டென்று எழுந்துவிட்டேன். பெயர்கள் ஓடி முடியும்வரை அரங்கில் ஒருவர்கூட அசையவில்லை. குனிந்தபடி மறுபடி உட்கார்ந்தேன்.

கோவையிலிருந்து:

அண்ணா, உங்களுக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லை. நான் பார்த்தது ஷின்ஜி ஹிகுச்சி 2015இல் எடுத்த ‘அட்டாக் ஆன் டைட்டன்’, மனிதர்களைத் தின்னும் ராட்சத அரக்கர்களின் கதை. விடுதி அறையில் ஐந்து பேர், ஒரு மடிக்கணினி.

அரக்கர்களைக் குறை சொல்ல மாட்டேன். உண்மையான மனிதர்களையே நடிக்கவைத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பஸ்ஸில் எதிர் இருக்கையில் தூங்கி வழியும் ஆளின் முகம் திடீரென்று மதில் உயரத்துக்கு எழுந்து சிரித்தால் எப்படி இருக்கும்? அந்தப் பயம். மக்கள் கைவிட்டுப் போன ஹஷிமா சுரங்கத் தீவிலும் படம் பிடித்தார்கள். அந்த இடிபாடுகளை எந்த செட்டிலும் கொண்டுவர முடியாது. எல்லாம் சரி, அரக்கர்களை வெட்டிச் சாய்க்கும் வீரன் லிவாய் எங்கே? மங்காவின் செல்லப்பிள்ளையையே காணோம். அறை நண்பன் ஒருவன் ‘இப்போது வருவான், இப்போது வருவான்’ என்று கடைசிவரை காத்திருந்தான். இரண்டாம் பாகத்தை அவன் பார்க்கவே இல்லை.

சென்னையிலிருந்து:

நான் சொல்வது படமல்ல, தொடர். சேர்த்துக்கொள்ளுங்கள். 2023இல் நெட்ஃபிளிக்ஸில் ‘ஒன் பீஸ்’ வந்தபோது என் மகனுக்கு ஒன்பது வயது. அத்தனை ரத்தம் இருக்கும் என்று தெரியாமல் போட்டுவிட்டேன். வைக்கோல் தொப்பியும் ரப்பர் உடம்பும் கொண்ட கடற்கொள்ளையன் லூஃபியாக நடித்த மெக்சிகோ பையன் இன்யாகி கொடோயின் கை ரப்பராக நீண்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மகன் சிரிக்கவில்லை. மங்காப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, திரையை ஒருமுறை, பக்கத்தை ஒருமுறை என்று மாறி மாறிப் பார்த்தான்.

“தொப்பி சரியாக இருக்கிறது அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பகுதியைப் போடச் சொன்னான்.