சாமியிடம் சண்டை போட்டவர்கள் இங்கே எழுதலாம்

செவ்வாய்ப்பேட்டை, தமிழாசிரியை:

பிரசங்கம் வேண்டாம். ‘இந்த ஸ்லோகத்தை 48 நாள் சொன்னால் வேலை கிடைக்கும்’ வகைப் பதிவுகளையும் தயவுசெய்து வேறு இடத்தில் போடுங்கள். நான் கேட்பது இதுதான்: வேண்டுதல், நேர்த்திக்கடன் என்ற கொடுக்கல் வாங்கலைத் தாண்டி, அன்றாடம் உங்களுக்கும் உங்கள் சாமிக்கும் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது? குறிப்பாக, கோபித்துக்கொண்டதுண்டா?

வகுப்பில் தேவாரம் பாடிய சுந்தரர் வரும்போதெல்லாம் இந்த எண்ணம் எனக்கு வரும். தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே நண்பர் என்று பெயர் எடுத்தவர். சிவனையே நள்ளிரவில் தம் மனைவி பரவையார் வீட்டுக்குத் தூது அனுப்பினார். இன்னொரு மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று செய்து கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண் போனது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல்தான் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். பொறுமையிழந்து, ‘நீர் நன்றாக இருந்துகொள்ளும்’ என்கிற தொனியில் முகத்துக்கு நேரே பாடினார். அப்படிப் பாடியவரைச் சைவம் நால்வரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறது. நாம் மட்டும் விண்ணப்பப் படிவத்தோடு வரிசையில் நிற்கிறோம்.

சேலம் சுகவனேசுவரர் கோயிலில் சொர்ணாம்பிகை சன்னதிக்கு ஒரு பாட்டி வருவார். கண்ணை மூட மாட்டார், கையைக் கூப்ப மாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு முதியோர் பென்ஷன், மருமகள், முழங்கால் வலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். இடையிடையே “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டு நிறுத்துவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அர்ச்சகர் மட்டும் அவரை நகரச் சொன்னதே இல்லை. அந்தப் பாட்டியைப் போன்றவர்கள் எழுதுங்கள்.

குகை, கொலுசுப் பட்டறை வேலை:

டீச்சர், நான் சேலம் குகைப் பகுதி. எனக்குச் சுந்தரரைத் தெரியாது. மாரியம்மனைத் தெரியும்.

என் பையன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம், சித்திரை வெயிலில் அவனுக்கு அம்மை போட்டது. வயிற்றில் இரண்டு மூன்று கொப்புளம் தெரிந்தபோது வேர்க்குரு என்றுதான் எண்ணினோம். மறுநாள் விடிந்து பார்த்தால் முதுகு, நெற்றி, இமையோரம் எல்லாம் நீர் கோத்து நிற்கிறது. டாக்டரிடம் காட்டினோம், மருந்து கொடுத்தார், ஒழுங்காகக் கொடுத்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படிக்கிறவர்கள் வேப்பிலை மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஆனால் எங்கள் தெருவில் அம்மை என்பது வெறும் நோய் இல்லையே. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள். நிலைப்படியில் வேப்பங்கொத்து ஏறிவிட்டது. தாளிப்பு நின்றது. வெளியாட்கள் வருவதும் நின்றது. பழைய வெள்ளை வேட்டியை விரித்து வேப்பிலை பரப்பிப் பையனைக் கிடத்தினோம். மாமியார் இளநீர் கொடுத்துக்கொண்டே “முத்து இறங்கட்டும் தாயே, குளிர்ந்து போ தாயே” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அரிப்பு உச்சத்துக்குப் போன ராத்திரி ஒன்று உண்டு. சொறியக் கூடாது என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வேப்பங்கொத்தால் முதுகை நீவிக்கொண்டிருந்தேன். “அரிக்கிறது அம்மா, அரிக்கிறது அம்மா” என்று அழுது அழுது அவனுக்குக் குரலே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. வாய்விட்டே பேசிவிட்டேன்.

“அடி மாரி, வந்தவள் வந்தாய். ஆள் பார்த்து ஏறத் தெரியாதா உனக்கு? அதோ அந்தப் பக்கம் மலை மாதிரி என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அவர் மேல் ஏறியிருக்கக் கூடாதா? பால் மணம் மாறாத பிள்ளைதான் கிடைத்தானா? ஆடிக்கு ஆடி உனக்குக் கூழ் ஊற்றியது இதற்குத்தானா?”

மாமியார் அரக்கப்பரக்க எழுந்து வந்து என் வாயைப் பொத்தினார். “மெதுவாகப் பேசு. அவள் காதில் விழுந்துவிடும்.”

“விழட்டும் என்றுதானே பேசுகிறேன்” என்றேன்.

பையனுக்குக் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றினோம். அப்பாடா என்று உட்கார்ந்த சில நாளில் என் வீட்டுக்காரருக்குப் போட்டது! பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார், அப்படியே இருந்தது. தெரு முழுக்க “உன் வாய்க்குத்தான் ஆத்தா கேட்டுவிட்டாள்” என்றது. இவரும் இன்றுவரை அதையேதான் சொல்கிறார். ஒட்டுகிற நோய், ஒரே அறையில் படுத்தால் வரத்தான் செய்யும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அந்த ராத்திரிக்குப் பிறகுதான் நானும் அவளும் பழகினோம். அதற்கு முன் கோட்டை மாரியம்மன் கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, கண்ணை மூடி ஒரு பட்டியலை ஒப்பித்துவிட்டு வருவேன். அவள் யார், நான் யார்.

இப்போது பேச்செல்லாம் வேலைக்கு நடுவில்தான். கொலுசுக்குச் சலங்கை கோப்பது என் வேலை. சாமணத்தால் வளையத்தின் வாயைத் திறக்க வேண்டும், சலங்கையை மாட்ட வேண்டும், மறுபடி வாய் தெரியாமல் மூட வேண்டும். சரியாக மூடாவிட்டால் துணியில் மாட்டிக்கொள்ளும், சரக்கு திரும்பி வந்துவிடும். வெளிச்சம் மங்கினால் கண்ணில் நீர் கட்டும். அப்போது சொல்லுவேன்: “ஏன் ஆத்தா, உன் காலுக்கும் இதே சரக்குதானே? கூலியை ஏற்றிக் கொடுக்கச் சொல்லி அந்த மனிதர் கனவில் ஒரு தடவை போயேன்.” கூலி ஏறவில்லை. பேச்சு நிற்கவில்லை.

ஏற்காடு, காப்பித் தோட்டம்:

அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். என் மனைவி சிரித்து ஓயவில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் வீட்டில் செபம் என்றால் ஒழுங்கு. பழம் எடுக்கிற மார்கழி, தை மாதங்களில் உச்சிவேளைக் கோயில் மணி கேட்டால் எங்கள் பாட்டி இடுப்புக் கூடையை அவிழ்த்து வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே மூவேளை செபம் சொல்லுவார். அட்டை காலில் ஏறினாலும் முடித்துவிட்டுத்தான் குனிவார். அப்படி வளர்ந்தவனுக்குக் கடவுளிடம் குரலை உயர்த்துவது என்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

காப்பி பூப்பதற்குப் பங்குனி, சித்திரை மழை வேண்டும். பூமழை என்போம். மொட்டு தயாராகிக் காத்திருக்கும். நல்ல மழை ஒன்று விழுந்தால் எட்டு, பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகி, மல்லிகை வாசம் கொண்டை ஊசி வளைவு வரை இறங்கும். அரைகுறையாகத் தூறினால்தான் ஆபத்து. மொட்டு விழித்துக்கொள்ளும், விரியப் போதுமான ஈரம் இராது, அப்படியே கருகிவிடும். அந்த வருடம் அதுதான் நடந்தது. மழையே இல்லாமல் இருந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். கொஞ்சம் காட்டி ஏமாற்றியதுதான் தாங்கவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் நாலு மணி நகர்வதற்குள் வாய் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

பங்குத் தந்தையிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லுவார் என்று பார்த்தால், விவிலியத்தில் திருப்பாடல் 13-ஐயும் 88-ஐயும் வாசிக்கச் சொன்னார். 13-இல் தாவீது எவ்வளவு காலம், எவ்வளவு காலம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். முடிவில் ஒருவாறு தேறிவிடுகிறார். 88 அப்படி இல்லை. தொடக்கம் முதல் முறையீடு, கடைசி வரியும் இருட்டில்தான் முடிகிறது. அதை யாரும் திருத்தவில்லை, பின்னால் ஓர் அல்லேலூயா ஒட்டவில்லை. அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டதும் திருப்பாடல் 22-இன் முதல் வரிதான். இத்தனை வருடமாகப் புனித வெள்ளிதோறும் அதைக் கேட்டிருக்கிறேன், அது ஒரு மனிதனின் சண்டை என்று தோன்றியதே இல்லை.

இப்போது இரவில், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்ன ஆன்ம சோதனை செய்கிறேன். நன்றி சொல்லுதல், வெளிச்சம் கேட்டல், கடந்த நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், மறுநாளுக்கு ஒரு தீர்மானம் என்று ஐந்து படிகள். நடுவில் ஆறாவதாக ஒன்றை நானே செருகியிருக்கிறேன்: இன்று உம்மேல் எனக்கு என்ன குறை? இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுத் தாண்டுவேன். இஞ்ஞாசியார் கோபித்துக்கொள்ள மாட்டார், படைவீரராக இருந்தவர்.

மறுவருடம் நன்றாகப் பூத்தது. அதற்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்றவர்:

ஆளாளுக்குத் தெய்வத்தைத் திட்டுவதை அனுபவம் என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். பயபக்தி என்று ஒன்று உண்டு. நான் காலையில் குளித்து, நீறு பூசி, சிவபுராணம் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிப்பேன். என் மனைவி காலமானபோது எனக்குச் சாமியிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியும் வரவில்லை. கோபமும் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அந்த நாள்களில் நாக்கு தானாக அந்த 95 வரிகளைச் சொன்னது. சொந்தப் பேச்சு இருக்கிறவர்கள் பேசுங்கள். இல்லாதவனுக்குப் பாட்டு வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை, தமிழாசிரியை:

ஐயா, உங்கள் பதிவுதான் இதுவரை வந்ததில் என்னை அதிகம் உலுக்கியது. மனப்பாடச் செபத்தைப் பற்றி எனக்கு இருந்த ஓர் இளக்காரத்தை நீங்கள் தட்டிவிட்டீர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் தினமும் சொல்கிற சிவபுராணத்தைப் பாடிய அதே மாணிக்கவாசகர்தான் நீத்தல் விண்ணப்பம் என்ற பாட்டில், என்னைக் கைவிட்டால் உன்னைப் பார்த்து ஊர் சிரிக்கும்படி செய்துவிடுவேன் என்று சிவனை மிரட்டுகிறார். அதையும் ஒரு நாள் காப்பிக்கு முன் சொல்லிப் பாருங்கள்.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்றவர்:

வாத்தியார்களிடம் வாயைக் கொடுக்கக் கூடாது.

சேர்வராயன் மலையடி கிராமம்:

எங்கள் பாட்டியின் சாமி குகைக்குள் இருக்கிறது. சேர்வராயனும் காவேரியம்மனும். கூரை தாழ்வு, எவ்வளவு பெரிய ஆளும் குனிந்துதான் போக வேண்டும். மே மாதத் திருவிழாவில் கூட்டம் நெருக்கித் தள்ளும், அப்போது பாட்டி போக மாட்டார். “அவனுக்கு இன்றைக்கு விருந்தாளி அதிகம், நமக்கு எங்கே நேரம்” என்பார். கூட்டமெல்லாம் மலையிறங்கிய பிறகு ஒரு சாதாரண நாளில் ஏறுவார். உள்ளே நுழைந்ததும் “வந்துவிட்டேனடா” என்று ஒரு சத்தம். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். வேறு எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

சேலம், இரவுப் பணிச் செவிலியர்:

வேதத்தில், உன் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபம் செய் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு சொல்லியிருக்கிறார். விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி பணிக்குக் கிளம்புவாள். பூட்டுவதற்குக் கதவு எங்கே இருக்கிறது? அதிகாலை ஜெபம் தவறினால் எங்கள் சபையில் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டாள் என்பார்கள். எனக்கு அதிகாலை என்பது நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற நேரம்.

பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். குருவானவர் அல்ல, சமையற்கட்டில் வேலை. பின்னாளில் காலில் வலி வந்ததால் செருப்புத் தைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். பாத்திரங்களுக்கு நடுவில் இருக்கும்போதும் நற்கருணைக்கு முன் முழங்காலிடும்போதும் தமக்கு வித்தியாசம் இல்லை என்றவர் அவர். அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து கை கழுவும் நேரத்தை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் போகுமுன் கழுவத்தான் வேண்டும். சோப்பை விரலிடுக்குகளில் தேய்த்து, நகக்கண், மணிக்கட்டு என்று முடிக்கிறவரை அடுத்த கட்டிலில் இருப்பவரை அவர் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பேன். என்னைத் திட்டுகிற நோயாளி என்றால் அவரைப் பற்றிப் புகாரும் சொல்லுவேன்.

குகை அக்கா, ஒன்று கேட்கட்டுமா? இத்தனை உரிமையாகப் பேசுகிறீர்களே, உங்கள் மாரியம்மன் பதில் சொல்லாத நாள்களில் என்ன செய்வீர்கள்?

குகை, கொலுசுப் பட்டறை வேலை:

தங்கச்சி, என்றைக்கு அவள் வாயைத் திறந்து பதில் சொன்னாள்! நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறேன். மாமியார்கூட அப்படித்தான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால் எதற்கும் பதில் வராது. அதற்காகச் சோறு போடாமல் இருக்கிறேனா?

இப்போதுகூட ஆத்தாவோடு பேச்சுவார்த்தை இல்லை. வீட்டுக்காரர் பட்டறையில் கொடுத்த முன்பணம் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கிறது, ஆடிக்குள் வந்துவிடும் என்று அவளை நம்பி இருந்தேன். வரவில்லை. கோபத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது, ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது. நன்றாகத்தான் மடக்கியிருக்கிறாள். வாசல் தெளித்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கூழுக்குக் கம்பும் இடித்துவிட்டேன். பேசத்தான் இல்லை.

டீச்சர், எங்கள் ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்கு உங்கள் சன்னதிப் பாட்டியையும் கூட்டி வாருங்கள். எங்கள் திண்ணையில் உட்கார்ந்தால் சாமி வேடம் போட்டு வருகிறவர்களின் முகம்கூடத் தெரியும். முன்கூட்டிச் சொன்னால் இடம் பிடித்து வைப்பேன். அஸ்தம்பட்டி ஐயாவுக்கு நாற்காலி போடச் சொல்கிறேன்.